வலது பக்கம் சாய்ந்த விமானம்

என்னை வேலைக்குக் கூப்பிட்டபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது என் வலது கட்டைவிரல் மட்டும்தான். ஐம்பத்து மூன்று வயது, கொஞ்சம் சர்க்கரை, நிறைய முன்கோபம், இதையெல்லாம் யார் சம்பளம் கொடுத்து வாங்குவார்கள்? ஆனால் அந்த விரல் பல வருடம் கப்பலில் ஒரு பொத்தானை அழுத்திய விரல். எப்போது அழுத்த வேண்டும் என்பதை இப்போது ஒரு இயந்திரம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

விமானம் தாங்கிக் கப்பலில் நான் பார்த்த வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். கப்பலின் பின்கோடியில், இடது ஓரமாக, ஒரு சின்ன மேடை இருக்கும். இறங்க வரும் விமானத்தை அங்கே நின்று வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். உயரம் சரியா, நடுக்கோட்டில் வருகிறதா, வேகம் சரியா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் சும்மா நிற்கலாம். சரியில்லை என்றால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்குகள் எரியும். ‘இறங்காதே, மேலே போ’ என்று அர்த்தம். அதற்கு ‘வேவ் ஆஃப்’ என்று பெயர். விளக்கு எரிந்துவிட்டால் விமானி ஏன் எதற்கு என்று கேட்காமல் மேலே போயாக வேண்டும், அப்பீல் கிடையாது. முன்பு நானும் விமானம் ஓட்டியவன்தான். ஓட்டியவனைத்தான் அந்த மேடையில் நிற்க விடுவார்கள்.

ஓய்வு பெற்றதும் அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு ஃப்ளாட் வாங்கினேன். நான் ஏரியைப் பார்த்து முடிப்பதற்குள் முன்னால் இன்னொரு அடுக்குமாடி எழும்பிவிட்டது. மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று கனடா போனாள். ஆறு மாதம் என்றாள். பேரன் நடக்க ஆரம்பித்து, பேத்தியும் பிறந்து, இப்போது அவளிடம் பனியில் நடப்பதற்கென்று தனி ஷூ இருக்கிறது. கோபித்துக்கொண்டு போனவள் இல்லை. தினமும் வீடியோவில் வருவாள். பின்னால் குழந்தை அழும். “அப்புறம் பேசறேன்” என்பாள். அப்புறம் என்றால் மறுநாள். ஒரு ஆழாக்கு அரிசியைக் குக்கரில் வைத்து இரண்டு வேளை சாப்பிடுவேன். கீழே செக்யூரிட்டியிடம் தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்பேன். சில நாள் அவர் விடுப்பில் இருப்பார். அந்த மாதிரி நாட்களில் சாயங்காலம் பால்காரருக்குப் பதில் சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். காலையிலிருந்து அதைப் பயன்படுத்தியிருக்க மாட்டேன்.

அப்படி இருந்தவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தால் சும்மா இருப்பானா? மறுநாளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

சின்ன கம்பெனி. கீழே வேறு யாரோ நடத்தும் பிரஸ் ஷாப், தகட்டை வெட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். இரண்டாம் மாடியில் இவர்கள். வாசலிலேயே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சொல்லக்கூடாததை இங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் சுவாரசியமாக இருக்காது, எல்லாம் எண்கள்.

சொல்லக்கூடியது இவ்வளவுதான். கப்பலிலிருந்து கிளம்பி, போன வேலையை முடித்து, கப்பலுக்கே திரும்பி வந்து இறங்கும் ஒரு விமானம். உள்ளே ஆள் கிடையாது. ராடாரில் அகப்படாதபடி வடிவம். அதற்காக வாலை எடுத்துவிட்டார்கள். பல ஊர்களில் பல பேர் அதைத் துண்டு துண்டாகச் செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு வந்த துண்டு, இறங்குவதற்கு முந்தைய கடைசிச் சில விநாடிகள். மறைந்து பறக்கும் விமானம் வானொலியில் வாயைத் திறந்தால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடைசி நேரத்தில் அதனிடம் யாரும் பேச முடியாது, அதுவும் யாரிடமும் பேசாது. இறங்கலாமா, மேலே போகலாமா என்பதைத் தன் கேமராவால் பார்த்துத் தானே முடிவு செய்ய வேண்டும். அதாவது மேடையில் நிற்கும் நான் அதன் தலைக்குள் போய் உட்கார வேண்டும்.

ஒரு இருட்டு அறை, பெரிய திரை. திரையில் கடல், ஆடும் கப்பல், தூரத்திலிருந்து வரும் விமானம். எல்லாம் கணினி வரைந்த படம். என் கையில் வீட்டு வாசலில் இருக்கிற காலிங் பெல் பொத்தான், உண்மையாகவே எலக்ட்ரிகல் கடையில் வாங்கி ஒயர் இழுத்தது. விமானம் வரும். சரியில்லை என்று தோன்றினால் அழுத்துவேன். எதைப் பார்த்து எப்போது அழுத்தினேன் என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் விமானங்கள். கப்பலில் ஒரு வருடத்தில் பார்க்காததை அங்கே ஒரு வாரத்தில் பார்த்தேன்.

இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கிற நிரலை எழுதியது ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பூந்தமல்லியில் அவளுடைய அப்பாவுக்கு, அவள் சொல்கிறபடி அத்தாவுக்கு, ஹார்டுவேர் கடை. ஸ்கூட்டரில் வருவாள். முக்காட்டின் மேலேயே ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, கழற்றியதும் முதல் வேலையாக ஏசியைக் குறைப்பாள். அங்கே என்னிடம் அதிகமாகப் பேசியது அவள்தான். “இது ஏன் சார் அழுத்தினீங்க?” “இது ஏன் சார் விட்டீங்க?” நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். ஒரு தடவைகூட “அப்புறம் பேசறேன்” என்று சொன்னதில்லை. மூன்றரை மணிக்கு டீ வரும். எனக்குச் சர்க்கரை இல்லாமல் தனி டம்ளர் என்று அவளே டீக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள். இதை எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அந்த டம்ளருக்காகவே ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிக்காமல் போயின.

எட்டு மாதம் இப்படி நன்றாகத்தான் போனது. இயந்திரம் கிட்டத்தட்ட நான் அழுத்தும் அதே இடத்தில் அழுத்த ஆரம்பித்துவிட்டது. “உங்க மாதிரியே கோபப்படுது சார்” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியிடம் சொல்ல ஆசை. சொல்லக்கூடாதே.

ஒரு நாள் அவள் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே வேகம். ஒன்றில் விமானம் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் வலமாக நகர்ந்து, கடைசியில் இடது இறக்கையைச் சாய்த்துக் கோட்டுக்கு வருகிறது. மற்றதில் கொஞ்சம் இடமாக நகர்ந்து, வலது இறக்கையைச் சாய்த்து வருகிறது. முதலாவதை நான் விட்டிருந்தேன். இரண்டாவதை அழுத்தியிருந்தேன்.

“தேடிப் பார்த்தேன் சார். இடது சாஞ்சா விடறீங்க. வலது சாஞ்சா ஒண்ணுகூட விடல. எட்டு மாசத்துல ஒண்ணுகூட. நம்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. வலதுன்னா மட்டும் ஏன் சார்?”

ஏனென்று எனக்குத் தெரியும்.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் என் சிநேகிதன் வீடு. இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே ஷிஃப்ட். நாங்கள் ஒரே வகுப்பு. கடற்படைத் தேர்வுக்கு அவன் விண்ணப்பம் போட்டதால்தான் நானும் போட்டேன். என்னைவிட அவன் நன்றாக விமானம் ஓட்டுவான். இதை நான் அப்போதும் ஒத்துக்கொள்வேன். ஒரே ஒரு பழக்கம் அவனுக்கு. எப்போதும் கோட்டுக்குக் கொஞ்சம் இடமாகவே வருவான், கடைசியில் வலது இறக்கையை ஒரு வெட்டு வெட்டிக் கோட்டில் கொண்டுவந்து வைப்பான். பார்க்கிறவனுக்குத்தான் நெஞ்சு அடைக்கும். அவனுக்கு அது கைவந்த கலை.

மேடையில் நிற்பவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் குறிப்பு எழுத வேண்டும். நாங்கள் சொல்லச் சொல்ல ஒரு ஜூனியர் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பறப்பு முடிந்ததும் அந்தக் குறிப்பை விமானியின் முகத்துக்கு நேரே, எல்லாரும் சுற்றி நிற்க, படித்துக் காட்ட வேண்டும். எவ்வளவு மோசமாக எழுதியிருந்தாலும் விமானி எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. ‘சரி’ என்று சொல்லலாம். அதற்கு மேல் கிடையாது. எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் இதுதான் முறை. வாக்குவாதம் ஆரம்பித்தால் அந்தப் பொத்தானுக்கு மரியாதை போய்விடும் என்பதற்காக வைத்த முறை.

அன்றைக்குத் தளம் காலியாகாமல் அவன் ஏற்கெனவே இரண்டு முறை சுற்றியிருந்தான். எரிபொருள் கடைசிக்கு வந்துவிட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு முன்னால் இறங்கியவரின் குறிப்பை ஜூனியர் வேறொருவர் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். புத்தகத்தைப் பிடுங்கி நானே அடித்துத் திருத்த ஆரம்பித்தேன். நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர்களும் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள். மூன்று விநாடி இருக்கும், நான்காகவும் இருக்கலாம். தலையை நிமிர்த்தியபோது விமானம் மிக அருகில், வலது இறக்கை கீழே சரிந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் அது எங்கே இருந்தது என்று பார்க்காதவனுக்கு, அது விழப்போகிற விமானம். கட்டைவிரல் அழுத்திவிட்டது.

அவன் மேலே போனான். கேள்வி கேட்காமல் போக வேண்டும் என்பதுதானே முறை. சுற்றை முடிப்பதற்குள் எஞ்சின்கள் நின்றன. இருக்கையோடு வெளியே வீசப்பட்டுக் கடலில் விழுந்தான். ஹெலிகாப்டர் போய்த் தூக்கி வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நொறுங்கியிருந்தன. அதற்குப் பிறகு அவன் பறக்கவில்லை.

புத்தகம் என் கையில்தான் இருந்தது. நான் எழுதினேன்: ‘கடைசியில் வலப்பக்கம் அபாயமான சரிவு. வேவ் ஆஃப் சரி.’ அந்த வரியில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முறைப்படி அதை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். கப்பலின் மருத்துவ அறைக்குப் போனேன். அசையக் கூடாது என்று கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். நான் படித்தேன். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

“சரி சார்” என்றான்.

எட்டாவது வகுப்பிலிருந்து ‘டா’ போட்டுப் பேசியவன். அதற்குப் பிறகு நடந்த விசாரணையிலும் அவன் என் குறிப்பை எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. அதன்பின் நாங்கள் பேசவே இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் எழுதியது சரி என்று காட்ட வேண்டாமா? அதனால் அன்றிலிருந்து வலது பக்கம் சாய்ந்து வந்த எவனையும் நான் இறங்க விடவில்லை. ஒருத்தனை விட்டிருந்தாலும், ‘அப்படியானால் அவனை ஏன் விடவில்லை?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். யாரும் கேட்காத நாளிலும் நானே கேட்டிருப்பேன். வருடக்கணக்கில் அப்படி அழுத்தி அழுத்தி, வலது சரிவு ஆபத்து என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. காலிங் பெல் பொத்தானையும் அப்படித்தான் அழுத்தியிருக்கிறேன். யோசிக்கவே இல்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கப்பல்ல கோபுரம் வலது பக்கம்தானேமா இருக்கு. அதைத் தாண்டி வர்ற காத்து சுழலும். அதான்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “சூப்பர் சார். இதெல்லாம் புக்ல கிடைக்காது.” அன்றைக்கே அறிக்கையில் எழுதி, நிபுணர் கருத்து என்று போட்டு, என் பெயரையும் சேர்த்தாள். மூன்றரை மணிக்கு டீ வந்தது. குடித்தேன்.

அடுத்த மாதம் இயந்திரத்தைத் தனியாக விட்டுப் பார்த்தார்கள். வழக்கமான நாட்களில் எல்லாம் ஒழுங்காக இறங்கியது. எரிபொருள் குறைவாக வைத்து, குறுக்குக் காற்றும் கொடுத்தபோதுதான் வினை. வால் இல்லாத விமானம், சாயாமல் திரும்பத் தெரியாது. கோட்டுக்கு வர வேண்டும் என்றால் இறக்கையைச் சாய்த்தே ஆக வேண்டும். இடது சாய்ந்தால் இறங்கியது. வலது சாய்ந்தால் தனக்குத் தானே வேவ் ஆஃப் கொடுத்துக்கொண்டு மேலே போனது. திரும்ப வந்தது. திரும்பச் சாய்ந்தது. திரும்ப மேலே போனது. கப்பலுக்கு ஒன்றும் சொல்லாமல், உதவி கேட்கவும் வாயில்லாமல், சுற்றிச் சுற்றி வந்து கடலில் விழுந்தது. கீழே பிரஸ் தடதடத்துக்கொண்டிருந்தது. படம்தான். இருந்தும் நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

தப்பு தன்னுடையது என்று அவள் நினைத்தாள். நிபுணர் சொன்ன காரணம் இருக்கிறதே, அதை யார் சந்தேகப்படுவார்கள்? தன் நிரலில் ஒவ்வொரு வரியாகத் தேடினாள். மூன்று வாரம் தேடினாள். மேலாளர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, வேலை கொடுத்தவர்கள் அடுத்த மாதம் வந்து பார்க்கப் போகிறார்கள், ஆளை மாற்றலாமா என்று ஆபீஸ் போனில் யாரிடமோ கேட்டது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனாள். ஒரு நாள் பொழுது சாய்ந்தும் இறங்கி வராததால், அவளுடைய அத்தா செக்யூரிட்டி போனுக்கே கூப்பிட்டுவிட்டார்.

நான் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. சொன்னால் இந்த அறை போய்விடும். என் விரலை நம்ப மாட்டார்கள், நம்பாத விரலுக்கு அங்கே என்ன வேலை? திரும்பவும் குக்கர், ஒரு ஆழாக்கு அரிசி, கரகர குரல். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். நான் பொய்யை எழுதி, படித்தும் காட்டிவிட்டு வந்தவன்தானே ஒரு தடவை. இன்னொரு தடவையும் அப்படியே உட்கார்ந்திருந்தேன், மூன்று வாரம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவள் சொன்னாள், “என்னால இதுக்கு மேல முடியல சார். எனக்குத் திறமை இல்லன்னு மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“உன் மேல தப்பு இல்லமா” என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜூனியரிடமிருந்து பிடுங்கிய புத்தகம், மூன்று விநாடி, நான் எழுதிய வரி, அவன் சொன்ன ‘சரி சார்’. கோபுரத்துக் காற்று நான் அந்த நேரத்துக்கு விட்ட கதை என்பதையும் சொன்னேன்.

அவள் தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள். “மூணு வாரம் சார்” என்றாள். “நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு டீ குடிச்சீங்க.”

“ஆமாம்மா.”

“உங்க பேர் போட்டு எழுதியிருக்கேன் சார் நான்.”

அவள் விசைப்பலகையை இழுத்து, வலது பக்கம் சாய்ந்த படங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள். எட்டு மாதமாக நான் அழுத்திய அழுத்தல்கள் பட்டியலில் இறங்கிக்கொண்டே போயின. பாதியில் கையை நிறுத்தினாள்.

“அவருக்குத் தெரியுமா சார்?”

“எவருக்கு?”

“உங்க ஃப்ரெண்டுக்கு. நீங்க பார்க்காம அழுத்தினது.”

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

வேறு ஊரில் இருந்த இன்னொரு ஓய்வு பெற்ற அதிகாரியை வரவழைத்து, வலது பக்கத்துக்கு மட்டும் அவர் விரலை வைத்தார்கள். எனக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்று கடைசி வரியில் இருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசி நாள் அவள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு படத்தைப் போட்டாள். குறைந்த எரிபொருள், குறுக்குக் காற்று. விமானம் இடமாக நகர்ந்து, வலது இறக்கையைச் சாய்த்தது. என் கட்டைவிரல் தானாக அசைந்தது, கையில் பொத்தான் இல்லை. விமானம் கோட்டுக்கு வந்து, தளத்தில் இறங்கி, அடியில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியில் மாட்டி நின்றது. அவன் இறங்குவது மாதிரியே இருந்தது. நான் அந்தப் பெண்ணின் முன்னால் அழுதுவிட்டேன். அவள் ஏசியைக் கூட்டுகிற மாதிரி எழுந்து போனாள்.

அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வேன். அயனம்பாக்கத்திலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. சனிக்கிழமை காலை போனேன்.

இடுப்பில் பட்டை கட்டி, உயரமான ஸ்டூலில் பாதி நின்றபடி பாதி உட்கார்ந்தபடி இருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு அம்மாவுக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். நிரப்பி முடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்த பிறகுதான் பேசினான்.

“இன்னா?”

“அன்னிக்கு நான் உன்னைப் பார்க்கலடா. குனிஞ்சு புக்கைத் திருத்திக்கினு இருந்தேன். நிமிர்ந்ததும் பயந்துபோய் அழுத்திட்டேன். நீ சரியாத்தான் வந்தே. நான் எழுதினது பொய்.”

அவன் கண்ணாடி மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினான். “தெரியும்.”

“தெரியுமா?”

“மேலேர்ந்து பாத்தா மேடையில எல்லாத் தலையும் குனிஞ்சு கீது. தெரியாமயா பூடும்?”

“ஏன்டா சொல்லல?”

“எதுத்துப் பேசக்கூடாதுன்றது மொறைதானே. நீதான் வந்து சொல்லணும். வருவேன்னு பாத்தேன்.” பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். “இப்ப எதுக்கு வந்து சொல்றே? அதைச் சொல்லு.”

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வேலையின் பெயரைச் சொல்லாமல், ஒரு இயந்திரம் என் விரலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, தப்பாகக் கற்றுக்கொண்டது, அதனால் ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது என்றேன். அவனும் அந்தக் கடலில் இருந்தவன், மீதி அவனுக்கே புரிந்துவிட்டது.

“ஒரு மிஷினு தப்பா எறங்கக்கூடாதுன்னா உனுக்கு வாய் வருது” என்றான். குரலை உயர்த்தவே இல்லை. “எனுக்குன்னா வர்ல. நான் இன்னா அமெரிக்காவுலயா கீறேன்? இங்கதான்டா கீறேன். ரயில்ல நீ மூஞ்சைத் திருப்பிக்கினு போறதைக்கூட பாத்துக்கினுதான் கீறேன்.”

அவன் ‘டா’ என்றான். அதைக் கேட்டும் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. நான் நினைத்திருந்ததெல்லாம் அவன் திட்டுவான், அல்லது மன்னிப்பான் என்பதுதான். இத்தனை வருடமும் அவன் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் நினைக்கவே இல்லை. தனியாக இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்று நான் என்னையே நொந்துகொண்ட நாளிலெல்லாம் இவன் இங்கே இருந்திருக்கிறான்.

ஒரு ஆள் வந்து என் பக்கத்தில் நின்று ஆதார் அட்டையை எடுத்தார். நான் நகர்ந்து வழி விட்டேன். போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

“இப்ப எறங்குதா அது?” என்று கேட்டான்.

“எறங்குது.”

“வலது பக்கம் சாஞ்சா?”

“சாஞ்சாலும் எறங்குது. உன்ன மாதிரியே.”

தலையை மெல்ல ஆட்டினான். முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அதையாச்சும் எறக்குனியே” என்றான். “போ. ஊட்டுக்குப் போ.”

சொல்லிவிட்டு, அந்த ஆள் நீட்டிய அட்டையை வாங்கி, முன்பக்கமா, இரண்டு பக்கமுமா என்று கேட்டான்.